எண்ணூர் சாலையை எந்தக் கணினி அறியும்?

ஓட்டுநரில்லா வாகனம் எதிரே வருபவரைக் கண்டால் மட்டும் போதாது. அடுத்த சில நொடிகளில் அவர் எங்கிருப்பார் என்பதையும் கணிக்க வேண்டும். 1995இல் ஹெல்பிங், மோல்னார் இருவரும் முன்வைத்த 'சமூக விசை' மாதிரி, நடப்போரை இலக்கை நோக்கி ஈர்க்கப்பட்டுப் பிறரிடமிருந்து விலகும் துகள்களாகக் கண்டது. இன்றைய மென்பொருள்கள் காணொளிகளிலிருந்து கற்கின்றன. அவற்றைச் சோதிக்க நெடுங்காலமாகப் பயன்படுபவை சூரிச்சிலும் சைப்ரஸிலும் எடுக்கப்பட்டவை: பல்கலைக்கழக வாசல், கடைத்தெரு, மாணவர்கள்.

அங்கே கற்றது எண்ணூர் விரைவுச்சாலைக்குப் பொருந்துமா? இந்தியரையும் ஜெர்மானியரையும் ஒற்றை வரிசையில் நடக்கவிட்டு ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு, நெரிசலில் இந்தியரின் வேகம் அந்த அளவுக்குக் குறையவில்லை என்று காட்டியது. இடைவெளி ஊருக்கு ஊர் மாறும். நம் நாட்டில் அதற்குச் சாதியும் இருந்தது: யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதே விதி. 1924இல் வைக்கத்தில் போராடியது கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகத்தான். இந்த விசையை எந்தச் சமன்பாட்டிலும் நாம் காணவில்லை.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் மிதிவண்டியைத் தள்ளியபடி சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் சோதனை வாகனம் மோதிக் கொன்றது. 5.6 நொடிகளுக்கு முன்பே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன. மென்பொருளோ அவரை வாகனம் என்றது, வேறு பொருள் என்றது, மிதிவண்டி என்றது. வகை மாறும்போதெல்லாம் அவர் அதுவரை நகர்ந்த தடத்தைக் கைவிட்டது. கடப்பிடமல்லாத இடத்தில் மனிதர் குறுக்கே நடப்பார் என்பது அதன் வடிவமைப்பிலேயே இல்லை என்று அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. குற்றவழக்கு வாகனத்தில் அமர்ந்திருந்த ஊழியர்மீது மட்டுமே பாய்ந்தது, நிறுவனம் தப்பியது.

இராயபுரத்தை எண்ணிப் பாருங்கள். விடியலில் குனிந்து பெருக்குபவர், குப்பை வண்டி தள்ளுபவர், கன்டெய்னர் லாரிகளுக்கிடையே மீன்கூடையுடன் கடப்பவர்: இவர்களுள் யாரை அம்மென்பொருள் முதல் நொடியிலேயே மனிதர் என்று அறியும்? ஐதராபாத், பெங்களூரு சாலைகளில் ஐதராபாத் ஐஐஐடியும் இன்டெலும் திரட்டிய தரவுத்தொகுப்பு நல்ல தொடக்கம். துறைமுகச் சாலை வேறு.

எளிய வழி ஒன்றுண்டு, மனிதரை அகற்றிவிடுவது. ராட்டர்டாம் துறைமுகத்தில் 1993 முதல் ஓட்டுநரில்லா வண்டிகள் ஓடுவது ஆட்கள் நுழையாத வேலிக்குள்ளேதான். திருவொற்றியூரில் வேலி போட்டால் அகற்றப்படுவது பிழைப்பு. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் போராடிய தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அகற்றிய மாநகரம் இது. எனவே, இங்கே சோதனை வாகனத்திற்கு அனுமதி தரும் முன்பே, சாலையில் உழைப்போரின் நடமாட்டத்தை அவர்கள் ஒப்புதலுடன் பதிவுசெய்ய வேண்டும். விபத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்பதைச் சட்டமாக எழுத வேண்டும்.