ஒரு பையன் கோட்டை விட்டால் 10 சதவீதம் 'அவுட்'!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், மெக்சிகோ எல்லையோரம் பிக் பெண்ட் தேசியப் பூங்கா. சுற்றிலும் பாலைவனம். அதற்குள்ளே சான் விசென்டே என்று ஒரு குட்டிப் பள்ளி. இந்த ஒரு பள்ளிக்கே தனி கல்வி மாவட்டம்!

படிப்பது யார்?

பெரும்பாலும் பூங்கா ஊழியர்களின் பிள்ளைகள்தான். எட்டாம் வகுப்போடு சரி. அப்பாவுக்கு 'டிரான்ஸ்பர்' வந்தால் பிள்ளையும் கிளம்பிவிடும். வகுப்பே காலி!

மார்க் ரகசியம்

3-ம் வகுப்பு முதலே அரசுத் தேர்வு உண்டு. நூறு பேர் எழுதி ஒருவன் கோட்டை விட்டால் போவது 1 சதவீதம். பத்தே பேர் எழுதினால் 10 சதவீதம் போச்சு! 'யாரப்பா அது?' என்று கேட்கவே வேண்டாம். ஊருக்கே தெரிந்துவிடும்.

அதனால், எழுதியவர் ஓரிருவர் என்றால் சதவீதம் வெளியே வராது. பட்டியலில் நட்சத்திரக் குறிதான். மாணவர் விவரத்தைக் காக்க 1974-லேயே சட்டம் வந்துவிட்டது.

மார்க் என்ன? வீட்டுக்கும் வாத்தியாருக்குமே வெளிச்சம்!