ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எஞ்சினை வீட்டிலேயே பழுதுபார்த்தல்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்பது சென்னைக்குத் தெற்கே, பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த சிறிய கார் ஆகும். கூடுவாஞ்சேரியிலிருந்து அந்த ஆலை இருந்த இடம் ஜி.எஸ்.டி. சாலை வழியே சில கிலோமீட்டர் தொலைவே. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. 1968இல் இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு வடிவமும் இங்கு உருவானது. 1972இல் இதன் இடத்தைக் கேசல் பிடித்தது. அதன் தயாரிப்பு 1977இல் நின்றது. ஆலையின் கடைசி காரான ஸ்டாண்டர்ட் 2000, 1985 முதல் 1988 வரை மட்டுமே வெளிவந்தது.

ஆலை மூடப்பட்ட பின்னும் இந்தக் கார்களில் சில ஓடுகின்றன. அவற்றின் எஞ்சினை உரிமையாளரே பழுதுபார்க்க முடியும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் எதுவரை முடியும், எங்கே லேத் பட்டறைக்குப் போக வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் பிரித்துப் போட்டு, மீண்டும் சேர்க்க முடியாமல், வேறு எஞ்சினைப் பொருத்திவிட்டால் காரின் பாதி மதிப்பு போய்விடும்.

எஞ்சினின் அமைப்பு

ஹெரால்டு, கேசல் இரண்டிலும் இருப்பது நான்கு சிலிண்டர் கொண்ட 948 சி.சி. பெட்ரோல் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 76 மி.மீ. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. கேம் ஷாஃப்ட் பிளாக்கிற்குள் இருக்கிறது. புஷ் ராடுகளும் ராக்கர்களும் மேலே உள்ள வால்வுகளைத் திறக்கின்றன. கணினியோ சென்சாரோ கிடையாது. ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக முழுதும் சாய்ந்து திறக்கும் என்பதால், முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். இந்த வசதி இன்றைய பெரும்பாலான கார்களில் இல்லை.

1953இல் இங்கிலாந்தில் 803 சி.சி. அளவில் தொடங்கிய இந்த எஞ்சின் குடும்பம், பிறகு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களிலும் வளர்ந்தது. ஆகவே கேஸ்கெட், வால்வு போன்றவற்றைப் பிரிட்டிஷ் உதிரிபாகக் கடைகளிலிருந்து வரவழைக்கலாம். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடலாம். 1147 சி.சி. எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அதன் துளை பெரியது. வாங்குமுன் 63 மி.மீ. என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன்

இழுவை குறைந்தால் உடனே ஹெட்டை இறக்குவது பரவலான தவறு. பல நேரம் குறை டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டிலோ கார்பரேட்டர் ஜெட்டிலோ இருக்கும். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.38 மி.மீ., ஸ்பார்க் பிளக் இடைவெளி சுமார் 0.64 மி.மீ. இவற்றையும் வால்வு இடைவெளியையும் சரிபார்த்த பின்பே அடுத்த கட்டம்.

அது கம்ப்ரஷன் சோதனை. எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயில் வயரைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரை இயக்கி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜில் குறித்துக்கொள்ள வேண்டும். தனி ஓர் எண்ணை விட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக உள்ளனவா என்பதே முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் பார்த்தால், அழுத்தம் ஏறுமானால் தேய்ந்தது பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர். ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ காரணம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் மூடியில் பால் போன்ற படிவும், ரேடியேட்டரில் காரணமின்றி நீர் குறைவதும் அதையே காட்டும்.

புறநகரின் பல வீடுகளில் போர்வெல் நீர்தான் கைக்குக் கிடைக்கிறது. அந்த உப்பு நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படிந்து, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் எஞ்சின் கொதிக்கும். ஹெட் வளைவதற்கும் கேஸ்கெட் எரிவதற்கும் இதுவே தொடக்கம். கூலன்டை வடிநீரில் கலந்து ஊற்றுவது மலிவான காப்பு.

ஹெட்டை இறக்குதல்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, கூலன்டை வடித்து, கார்பரேட்டரையும் மேனிஃபோல்டையும் அகற்றிய பின் ராக்கர் கவரைத் திறக்கலாம். ராக்கர் ஷாஃப்ட் நட்டுகளைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும். புஷ் ராடுகள் ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே தேய்ந்து பழகியவை. எனவே ஓர் அட்டைப் பெட்டியில் எட்டுத் துளை போட்டு, எண் எழுதி, வரிசை மாறாமல் செருகி வைப்பது வழக்கம்.

ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரை இடையில் நுழைத்து நெம்பக் கூடாது. அந்த ஒரு கீறல் போதும், பிறகு எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது. மரச் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினால் போதும். வார்ப்பிரும்பு என்பதால் தூக்க இருவர் வேண்டும். பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்து எடுப்பது நல்லது.

ஸ்டாண்டர்ட் 2000 வைத்திருப்போர் இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வான்கார்டு வழிவந்த அதன் 1991 சி.சி. எஞ்சினில் சிலிண்டர் லைனர்கள் தனியே கழல்பவை. ஹெட் இல்லாதபோது கிராங்கைச் சுற்றினால் லைனர் எழும்பி, அடிச் சீல் கெட்டுவிடும். ஹெரால்டில் அந்த அச்சம் இல்லை.

வால்வுகள்

கரியைச் சுரண்ட மரம் அல்லது அலுமினியத் தகடு போதும். வால்வையும் அதன் இருக்கையையும் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, உறிஞ்சு குச்சியால் முன்னும் பின்னும் சுழற்றித் தேய்க்க வேண்டும். சுற்றிலும் சீரான சாம்பல் நிற வளையம் தெரிந்தால் வேலை முடிந்தது. பேஸ்ட்டைத் துளியும் விடாமல் கழுவி, வால்வைப் பொருத்தி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு அந்தப் பெட்ரோல் நின்றது. ஈயத்தின் காப்பு இல்லாமல் வார்ப்பிரும்பு இருக்கைகள் மெல்லத் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கும். டாப்பெட் இடைவெளி தானே குறைந்துகொண்டே வரும். ராக்கர் சத்தம் குறைந்துவிட்டதே என்று மகிழ்வதற்கில்லை. மீண்டும் மீண்டும் இப்படி நேர்ந்தால் லேத் பட்டறையில் கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்த வேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரையும் கெடுக்கும். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் ஹோஸையும் அதற்கேற்ற வகைக்கு மாற்றாவிட்டால் தீ விபத்துக்கு இடமுண்டு.

பட்டறைக்குரியவை

நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்து ஹெட் வளைந்திருந்தால் அதைத் தளச் சமன் செய்யக் கொடுக்க வேண்டும். சிலிண்டரின் மேல் விளிம்பில் விரல் நகம் தடுக்கும் அளவுக்கு மேடு இருந்தால் ரீபோர் தேவைப்படலாம். ரீபோர், கிராங்க் கிரைண்டிங், வால்வு கைடு மாற்றுதல் ஆகியவற்றை வீட்டில் முயல்வது வீண்.

மீண்டும் பூட்டுதல்

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, சில சுற்றுகளாக, டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டின் அளவுப்படி முறுக்க வேண்டும். வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறிய நிலையில், 0.25 மி.மீ. அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: எண்களின் கூட்டுத்தொகை ஒன்பது. 8ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யலாம். 6 திறந்திருக்கும்போது 3ஐ. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளையும் இடைவெளியையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பதிவும் எஞ்சின் எண்ணும்

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; பிறகு ஆய்வு செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் பெருமளவு மாற்றப்படாத கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். 1977இன் கடைசிக் கேசல்கள் 2027இல் அந்த வயதை எட்டும். பிளாக்கில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும் என்பதால், பிளாக்கைச் சுத்தம் செய்யும்போது அந்த இடத்தில் எமரித் தாளோ கிரைண்டரோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.