உங்களுக்குத் தெரியுமா? மாதாவோடு பிறந்தநாளைப் பகிர்ந்துகொண்டவர்கள்

★ கத்தோலிக்கத் திருச்சபை புனிதர்களுக்குப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளில்தான் விழா எடுக்கும். பிறந்தநாள் விழா மூன்றே பேருக்கு: இயேசுவுக்கு டிசம்பர் 25, திருமுழுக்கு யோவானுக்கு ஜூன் 24, மரியாளுக்குச் செப்டம்பர் 8. மரியாள் கருவில் உருவான விழா டிசம்பர் 8. அங்கிருந்து விரல்விட்டு எண்ணினால் சரியாக ஒன்பது மாதம்! வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர், விடிந்தால் பிறந்தநாள். ரஷ்யாவில் செப்டம்பர் 21. அங்குள்ள திருச்சபை பின்பற்றும் பழைய நாட்காட்டி நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியது.

★ 17-ஆம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவை வேண்டிக்கொண்டு வேளாங்கண்ணியில் உயிரோடு கரையேறினார்கள் என்பது ஊர் மரபு. அன்றைக்குச் செப்டம்பர் 8. அங்கிருந்த கூரைக்கோயிலைக் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த முறை வரும்போது பீடத்துக்குப் பீங்கான் தட்டுகள் கொண்டுவந்தார்களாம். அந்த ஆலயத்துக்கு 1962-இல் போப் இருபத்து மூன்றாம் ஜான் பசிலிக்கா தகுதி கொடுத்தார்.

★ அதே செப்டம்பர் 8, ஆண்டு 1522. ஸ்பெயினின் செவில் துறையில் 'விக்டோரியா' நங்கூரம் போட்டுப் பீரங்கி முழக்கியது. 1519-இல் மகெல்லன் ஐந்து கப்பல்களோடு கிளம்பிய பயணம் அது. அவர் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். உலகைச் சுற்றி முடித்து இந்தக் கப்பலில் வந்து சேர்ந்தவர்கள் 18 பேர். மறுநாள் அத்தனை பேரும் வெறுங்காலோடு, ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏந்தி, இரண்டு மாதா கோயில்களுக்கு நடந்துபோனார்கள். காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களைச் சாலையில் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் வேறு. வழியில் கேப் வெர்டே தீவுகளில் இறங்கியபோது கரையில் வியாழக்கிழமை, கப்பல் குறிப்பிலோ புதன்கிழமை! கப்பலில் ஒருநாள்கூட விடாமல் நாட்குறிப்பு எழுதி வந்த பிகஃபெட்டா என்பவர் திகைத்துப்போனார். மேற்கு நோக்கியே போய் உலகைச் சுற்றினால் ஒரு நாள் காணாமல் போகும். கப்பல் கணக்கின்படி பார்த்தால் அவர்கள் செவிலைத் தொட்டது செப்டம்பர் 7-இல்தான்.

★ இயேசுவின் பிறந்தநாளுக்கும் ஒரு கடற்கதை உண்டு. வாஸ்கோ ட காமா 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் கடந்த ஆப்பிரிக்கக் கரைதான் 'நட்டால்'. கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் போர்த்துக்கீசியப் பெயர். 1860 முதல் நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போனது அங்கேதான்.

★ 2016 செப்டம்பர் 8 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்சாட்-3டிஆர் ஏவப்பட்டது. புயலைக் கண்காணிக்கும் வானிலைச் செயற்கைக்கோள். ஆபத்தில் சிக்கியவர்களின் அபயக்குரலைக் கடத்தித் தேடி மீட்க உதவும் கருவியும் அதில் உண்டு. மாலுமிகள் கரையேறிய தேதிக்கு இதைவிடப் பொருத்தம் யாராலும் தேடிப் பிடிக்க முடியாது. அவசரப்பட்டு மெய்சிலிர்க்க வேண்டாம்: 1900-இல் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரத்தைக் கடல் விழுங்கியதும் இதே செப்டம்பர் 8-இல்தான். குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள்.

★ பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலாயாவில் டாக்டராக இருந்து, ரிஷிகேசத்தில் துறவியான சுவாமி சிவானந்தர். 1926-இல் பிறந்த பாடகர் பூபேன் ஹசாரிகா. 1933-இல் பிறந்த பாடகி ஆஷா போஸ்லே. மூவரும் செப்டம்பர் 8. உலக எழுத்தறிவு நாளும் அன்றே.

★ 1925 டிசம்பர் 26: கான்பூரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்க மாநாடு. அன்றைக்கே ஸ்ரீவைகுண்டத்தில், பின்னாளில் அதன் தலைவர்களில் ஒருவரான இரா. நல்லகண்ணு பிறந்தார். கட்சிக்கும் தோழருக்கும் ஒரே பிறந்தநாள். அந்தத் தேதியை வேளாங்கண்ணி இருக்கும் நாகை மாவட்டம் நினைப்பது வேறு காரணத்துக்காக. 2004-இல் அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஆறரைக்குச் சுமத்ராவில் நிலம் நடுங்கியது. ஒன்பது மணிவாக்கில் அலை இங்கே. மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் மாண்டவர்களில் பலர் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த வெளியூர் யாத்திரிகர்கள்.

★ 1924 ஜூன் 3. இதே மாவட்டத்துத் திருக்குவளையில் மு. கருணாநிதி பிறந்தார். அன்றைக்கே வியன்னாவுக்கு அருகில் ஃப்ரான்ஸ் காஃப்கா இறந்தார். எழுதியதையெல்லாம் எரித்துவிடும்படி நண்பரிடம் கேட்டுக்கொண்டவர் அவர். இவரோ உடன்பிறப்புக்கு விடாமல் கடிதம் எழுதியவர்.

★ ராஜராஜ சோழனுக்கு இந்தத் தேதிக் கணக்கே செல்லாது. தஞ்சையில் சதய விழா ஐப்பசி மாதச் சதய நட்சத்திரத்தன்று. ஆங்கிலத் தேதி ஆண்டுக்காண்டு மாறும். நாகூர் கந்தூரியோ பிறைக் கணக்கு, ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். அதே கடற்கரையில் அசையாமல் உட்கார்ந்திருப்பது செப்டம்பர் 8 ஒன்றுதான்.

★ உங்கள் பிறந்தநாள் ஜூனில் வருகிறதா? அன்று உலகத்தில் என்ன நடந்தது என்று தேடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். ஐந்து வயது நிரம்பியதாகக் கணக்குக் காட்ட, வாத்தியார் பதிவேட்டில் போட்டுக்கொடுத்த தேதியாக அது இருக்கலாம்.