வயரின் தடிப்பும் வியாபாரத்தின் அமானிதமும்

மன்னாரில் மின்சாதனப் பொருட்களும் ஹார்ட்வெயார் சாமான்களும் விற்கும் சிறு வியாபாரி நான். கடைக்கு வருபவர்களில் பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "வயர் கட்டு என்ன விலை?" என்ன வேலைக்கு வயர், எவ்வளவு தூரம் என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் நான் பட்ட வெட்கத்தை எமது வர்த்தக சகோதரர்களுக்குச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்.

மீன் வியாபாரம் செய்யும் நானா ஒருவர் என் வாடிக்கையாளர். 1990 ஒக்டோபரில் எல்லோரையும் போல உடுத்த உடுப்போடு புத்தளம் போனவர். யுத்தம் முடிந்த பின் ஊர் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைக் கட்டி எழுப்பினார். கிணற்றுக்கு ஒரு குதிரை வலு மோட்டர் பூட்ட வயர் வாங்க வந்தார். "தம்பி, மலிவா ஒண்டு தாங்க" என்றார். 1/1.13 வயர் கட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருடத்துக்குள் மோட்டர் எரிந்தது. சுருள் கட்டிப் பூட்டினார், மீண்டும் எரிந்தது. மோட்டர் விற்ற கடையை ஏசிக்கொண்டே புது மோட்டர் ஒன்றுக்கு விலை கேட்டு என்னிடம் வந்தார். மனம் கேட்காமல் அவருடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மோட்டரில் பிழை இல்லை. பிழை என் கடையிலிருந்து போன வயரில் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். மெயின் போர்டிலிருந்து கிணறு வரை 45 மீற்றர். ஒரு குதிரை வலு மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 6 அம்பியர் எடுக்கும். 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர் செப்பு. பைப்பில் போட்டாலும் பத்து அம்பியருக்கு மேல் தாங்கும். ஆகவே வயர் சூடாகவில்லை, யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. ஆனால் தூரம் கூடக் கூட வயரிலேயே மின்னழுத்தம் இழக்கப்படுகிறது. இந்த வயரில் ஒரு மீற்றருக்கு, ஒரு அம்பியருக்கு 44 மில்லிவோல்ட் இழப்பு. 44 ஐ 45 ஆலும் 6 ஆலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 12 வோல்ட். மோட்டர் போன்றவற்றுக்கு 230 வோல்ட்டில் 5 வீதம், அதாவது 11.5 வோல்ட் வரை இழப்பதே எல்லை. ஓடும்போதே எல்லை தாண்டிவிட்டது.

ஸ்டார்ட் ஆகும்போது நிலைமை இன்னும் மோசம். மோட்டர் தொடங்கும் கணத்தில் ஐந்து மடங்கு, அதாவது 30 அம்பியர் இழுக்கும். அப்போது இழப்பு 59 வோல்ட். மோட்டருக்குப் போய்ச் சேருவது 171 வோல்ட் மட்டுமே. மோட்டரின் சுழற்று வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும் என்பதால், இருக்க வேண்டிய வலுவில் பாதியளவே மிஞ்சும். மோட்டர் "ம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். அப்படி நிற்கும் நேரமெல்லாம் அதிக மின்னோட்டம் சுருளைச் சுடும். இரண்டு முறை எரிந்ததன் காரணம் இதுதான்.

அதே இடத்தில் 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு மீற்றருக்கு, அம்பியருக்கு 11 மில்லிவோல்ட். ஓடும்போது 3 வோல்ட், தொடங்கும்போது 15 வோல்ட். வயரை மாற்றினோம். அந்தச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் விற்கும்போது கேட்க வேண்டியதைக் கேட்காதது என் பிழை.

இனி வீட்டுக்கு வருவோம். எமது பகுதியில் 2009 இன் பின் மீளக்குடியேறியோரின் வீடுகளில் பெரும்பாலும் முதலில் போட்டது சில மின்குமிழ்களும் ஓரிரு பிளக்குகளும்தான். பிறகு பிரிட்ஜ் வந்தது, மீனுக்கும் ஐஸுக்கும் டீப் பிரீசர் வந்தது, மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் ஏசி வந்தது. வீடு வளர்ந்தது, வயர் மட்டும் வளரவில்லை.

ஒரு நடுத்தர வீட்டின் கணக்கு இது. எல்ஈடி மின்குமிழ் பத்து 100 வோட்ஸ், மின்விசிறி நான்கு 300, பிரிட்ஜ் 150, டீப் பிரீசர் 300, டீவி 100, அயன் 1000, ரைஸ் குக்கர் 700, கேத்தல் 1800, தண்ணீர் மோட்டர் 1100, 12,000 பீடியூ ஏசி ஒன்று 1200. மொத்தம் 6750 வோட்ஸ். 230 ஆல் பிரித்தால் 29 அம்பியருக்குச் சற்று மேல். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் நோன்பு காலத்தில் ஸஹர் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மின்குமிழும் மின்விசிறியும் ஓடும், பிரிட்ஜும் பிரீசரும் ஓடும், அறையில் ஏசி, குசினியில் குக்கரும் கேத்தலும், தொட்டி நிரம்ப மோட்டர். அயனையும் டீவியையும் கழித்தால் 5650 வோட்ஸ், ஏறத்தாழ 25 அம்பியர். 30 அம்பியர் இணைப்புக்கு இது தாங்கும். ஆனால் இன்னொரு ஏசியும், கடைக்கு இன்னொரு பிரீசரும் என்று போனால் தாங்காது. வாங்குவதற்கு முன் இந்தக் கூட்டலைச் செய்ய வேண்டும்.

அடுத்தது வயரின் தடிப்பு. சுவருக்குள் பைப்பில் புதைத்த வயர் தாங்கும் அளவுகள் இவை: 1/1.13 க்கு 11 அம்பியர், 7/0.53 க்கு 14.5, 7/0.67 க்கு 20, 7/0.85 க்கு 26, 7/1.04 க்கு 34, 7/1.35 க்கு 46. இவை 30 பாகை சூட்டுக்கான கணக்கு. மன்னார் வெயிலில் கூரைக்குக் கீழே 40 பாகை இருக்கும் இடங்களில் 0.87 ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும். அப்போது 7/1.04 வயர் 29.6 அம்பியருக்கு இறங்கிவிடும். 30 அம்பியர் மெயின் லைனுக்கு அது போதாது, 7/1.35 தான் பாதுகாப்பு. பிளக் லைன்களுக்கு 7/0.67 போட்டால் அதன் தாங்கு அளவு 17 அம்பியர், ஆகவே 16 அம்பியர் பிரேக்கர். ஏசிக்கும் பிரீசருக்கும் தனித்தனி லைன்.

இங்கே எமது மக்கள் செய்யும் பெரிய பிழை ஒன்று உண்டு. பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று 16 ஐக் கழற்றி 32 போடுவார்கள். பிரேக்கர் இருப்பது வயரைக் காக்க. காவல்காரனை மாற்றினால் வயர் தடித்துவிடாது. முன்பு பிரேக்கர் விழுந்தது, இனி சுவருக்குள் வயர் எரியும். பழைய காசோலை முதல் கடைச் சரக்கு வரை அந்தச் சுவருக்கு உள்ளேதான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

எமது கரையோரத்துக்கு இன்னொரு சோதனை உப்புக் காற்று. பிளக்கிலும் மெயின் போர்டிலும் ஸ்க்ரூ இறுகிய இடம் பச்சை பிடித்து, தொடுகை குறைந்து, சூடாகும். வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள வயரிங் பாஸ் ஒருவரைக் கொண்டு திறந்து இறுக்கிப் பார்க்க வேண்டும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அது விழாவிட்டால் மாற்றுங்கள். அது மனித உயிரைக் காப்பது.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது செப்பு வயரின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போது மெல்லிய வயரைத் தடித்த வயரின் பெயரில் கொண்டுவந்தவர்களையும் கண்டேன். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. 7/0.67 என்றால் ஏழு கம்பி, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர். 100 மீற்றர் கட்டில் செப்பு மட்டும் 2.2 கிலோ இருக்க வேண்டும், மேலுறை அதற்கு வேறு. முழுக் கட்டையும் தராசில் வைத்து அதுவே 2.2 கிலோவுக்கு வராவிட்டால் மேலே என்ன எழுதியிருந்தாலும் அது பொய். எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதை மட்டும் கடையில் வைப்பது எமக்கும் நிம்மதி.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் ஜும்ஆக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அளவு நிறுவையில் குறைப்போரை எச்சரிக்க முதஃப்பிஃபீன் என்ற ஸூராவே இருக்கிறது. வயரின் மேலுறைக்குள் இருக்கும் செப்பும் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. அது எமது கையில் உள்ள அமானிதம்.

இப்போது என் கடை மேசையில் மேலே சொன்ன அளவுகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். வயர் கேட்டு வருபவரிடம் இரண்டு கேள்வி கேட்காமல் கட்டை எடுப்பதில்லை: "எதுக்கு? எவ்வளவு தூரம்?" சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த நானா மட்டும் தன் சொந்தக்காரர்களை எல்லாம் என்னிடமே அனுப்புகிறார். அவருடைய மோட்டர் இன்னும் ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.