தலைமாட்டு நாற்காலியிலிருந்து

லிப்போசக்‌ஷன் என்ற கொழுப்பு உறிஞ்சும் ஆபரேஷனைச் செய்துகொள்ள வருகிறவர்கள் சர்ஜனிடம் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். செலவு எவ்வளவு, எத்தனை கிலோ குறையும், தழும்பு தெரியுமா, எப்போது வேலைக்குப் போகலாம். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் மயக்க மருந்து டாக்டர். கோயம்புத்தூரில் எந்த ஆஸ்பத்திரியோடும் நிரந்தரமாகச் சேராமல், கூப்பிடுகிற இடத்துக்குப் போய் மயக்கம் கொடுக்கிறவள். என் பெட்டி எப்போதும் கார் டிக்கியில்தான் இருக்கும். ஆபரேஷன் முடியும்வரை நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. அங்கிருந்து பார்த்தால் இது விளம்பரத்தில் வருகிற ஆபரேஷன் மாதிரித் தெரியாது.

கிலோ கணக்கை முதலில் முடித்துவிடலாம். உறிஞ்சி எடுத்தது சேர்கிற பாட்டிலைப் பார்த்தால் மஞ்சள் கொழுப்பு மேலே மிதக்கும், ரத்தம் கலந்த நீர் அடியில் நிற்கும். 3 லிட்டர் எடுத்தோம் என்று சர்ஜன் சொன்னால் அதில் ஒரு பங்கு நாங்களே உள்ளே செலுத்திய திரவம். கொழுப்பு மட்டும் 2 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், லிட்டருக்கு ஏறக்குறைய 900 கிராம். இரண்டு கிலோகூடத் தேறாது. வீக்கத்தினால் மறுநாள் எடை கூடியும் காட்டலாம். சாப்பாட்டைக் குறைத்தும் நடந்தும் கரையாத தொடை, இடுப்பு மடிப்பு, தாடைக்கு அடிப்பக்கம் போன்ற இடங்களின் வடிவத்தைத் திருத்துவதற்கான ஆபரேஷன் இது. எடையைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன.

தொப்பை விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் அதிகம். நின்றபடி வயிற்றைக் கையால் பிடித்துப் பாருங்கள். கைக்குச் சிக்குவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. உறிஞ்சும் குழாய் அதைத்தான் எட்டும். நம் ஊர் ஆண்கள் பலருக்கு வயிறு முன்னால் தள்ளி, தட்டினால் கெட்டியாக இருக்கும். அந்தக் கொழுப்பு குடலைச் சுற்றி உள்ளே கிடக்கிறது. அங்கே எந்தக் குழாயும் போகாது, போகவும் கூடாது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வயிற்றுத் தசை நடுவில் விலகித் தோலும் தொங்கிப்போயிருந்தால் கொழுப்பை உறிஞ்சுவதால் பயன் குறைவு. தோல் இன்னும் தொளதொளக்கும். அதற்கு வேறு ஆபரேஷன், வேறு தழும்பு.

சர்க்கரை குறையுமா என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சாமுவேல் க்ளைன் குழுவினர் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்து, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. கொலராடோவிலிருந்து 2011இல் வந்த இன்னோர் ஆய்வில், தொடையிலும் அடிவயிற்றிலும் எடுத்த கொழுப்புக்கு ஈடானது ஒரே வருடத்தில் உடம்பில் திரும்பச் சேர்ந்துவிட்டது. தொடைக்குத் திரும்பவில்லை, பெரும்பாலும் வயிற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

இனி நான் பேச வேண்டிய இடம், ஆபத்து. பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1920களில் பாரிஸில் ஒரு நடனப் பெண்ணின் காலை ஒல்லியாக்கப் போய், கால் அழுகி அதையே வெட்டி எடுக்க நேர்ந்தது. பல பத்தாண்டுகள் இந்தப் பக்கம் யாரும் அதிகம் வரவில்லை. 1970களில் ரோமில் ஃபிஷர் என்ற தகப்பனும் மகனும், பிறகு பாரிஸில் இலூஸ் என்ற சர்ஜனும் குழாய் வைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். ரத்த இழப்பு மட்டும் பெரிய தொல்லையாகவே இருந்தது. அதைத் தீர்த்தவர் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன். 1987இல் அவர் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. ஒரு லிட்டர் சலைனில் மரத்துப்போக வைக்கும் லிடோகெய்னும், ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் ஒரு மில்லிகிராமும் கலந்து, கொழுப்புப் படலத்துக்குள் நிதானமாக ஏற்றுவது. ஏற ஏறத் தோல் வெளுத்து, விறைத்து, கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரிக் குழிகுழியாகும். அதன் பிறகு சின்னத் துளை வழியாக மழுங்கிய முனையுள்ள மூன்று நான்கு மில்லிமீட்டர் குழாய் உள்ளே போகும். சர்ஜனின் ஒரு கை குழாயை முன்னும் பின்னும் இயக்கும். இன்னொரு கை தோலின்மேல் விரிந்து, முனை எங்கே இருக்கிறது என்று தடவிக்கொண்டே இருக்கும். நல்ல சர்ஜனை அந்த இரண்டாவது கையில் கண்டுகொள்ளலாம்.

லிடோகெய்னை அட்ரினலினோடு சேர்த்து ஊசியாகப் போடும்போது உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது பாட நூல் வரம்பு. இந்த முறையில் 35 வரை போகிறோம், ஐந்து மடங்கு. கொழுப்பிலிருந்து மருந்து மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வரும் என்பதால் அது முடிகிறது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 2,100 மில்லிகிராம். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் கலந்தால் இரண்டு லிட்டரோடு நிறுத்த வேண்டும். வயிறு, தொடை, கை, முதுகு என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க ஆசைப்பட்டால் இந்தக் கணக்குத்தான் முதலில் உடையும்.

மெதுவாக வருவதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்துக்குப் போவது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் கழித்து. காலையில் ஆபரேஷன் என்றால் ராத்திரி எட்டு மணிக்கு. அப்போது நோயாளி வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்திருப்பார், நானும் சர்ஜனும் எங்கள் எங்கள் வீட்டில் இருப்போம். உதடு மரத்துப்போவது, வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம் இவை முதல் அறிகுறிகள். அடுத்தது வலிப்பு, இதயத் துடிப்புத் தடுமாற்றம். இதற்கு மாற்று மருந்து என்ன தெரியுமா? நரம்பில் ஏற்றும் 20 சதவீதக் கொழுப்புக் கலவை. கொழுப்பை எடுக்கப் பயன்பட்ட மருந்தின் நஞ்சை முறிக்கக் கொழுப்பையே ஏற்ற வேண்டியிருக்கிறது. அது இந்த ஆஸ்பத்திரியில் இருப்பு உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் அதுவும் பதில்தான்.

உறிஞ்சுவது 5 லிட்டரைத் தாண்டினால் பெரிய அளவு என்று கணக்கு. அன்றிரவு ஆஸ்பத்திரியில் தங்கியே ஆக வேண்டும். உடம்பின் திரவக் கணக்கு அப்போது தலைகீழாகும். குறைந்தால் ரத்த அழுத்தம் விழும், கூடினால் நுரையீரலில் நீர் கோர்க்கும். உடம்பின் பாதி திறந்துகிடக்க, ஏசி அறையில் ஈரத்தோடு மணிக்கணக்கில் படுத்திருப்பதால் வெப்பநிலையும் இறங்கும். திரவத்தைச் சூடாக்கித் தருவதும், வெப்பக் காற்றுப் போர்வை போடுவதும் ஆடம்பரம் அல்ல.

அமெரிக்க சர்ஜன்களிடம் திரட்டி 2000இல் வெளியான கணக்கில், சுமார் 5 லட்சம் ஆபரேஷன்களில் 95 மரணங்கள். ஏறக்குறைய 5,000இல் ஒன்று. காரணங்களில் முதலிடம், காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. குழாய் குடலைத் துளைத்ததும் உண்டு. பிந்தைய கணக்குகளில் எண்ணிக்கை இதைவிடக் குறைவு, ஆனால் காரணங்கள் மாறவில்லை. அதனால்தான் கருத்தடை மாத்திரை, ஆஸ்பிரின், சிகரெட், நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். முடிந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்வதும் காலில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான்.

ஒரு கல்யாணப் பெண். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை பரிசோதிக்கப் போனேன். அம்மாதான் பேசினார். “ஏனுங்க மேடம், முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்குதுங்க. அதுக்குள்ள இடுப்பு சரியாயிடுமுங்களா?”

“ப்ளவுஸுக்கு அளவு குடுத்துட்டீங்களாம்மா?”

“குடுத்தாச்சுங்க.”

“அப்ப அது சேராதுங்க. வீக்கம் முழுசா வடிய மூணு மாசத்துல இருந்து ஆறு மாசம் ஆகும். நாலு, ஆறு வாரம் இறுக்கமான உடுப்புப் போட்டிருக்கணும். சித்திரை வெயில்ல பட்டுச் சேலைக்குள்ள அதைப் போட்டுட்டு மணவறையில உட்காருவாங்களா?”

பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8.4. எடை குறைய வேண்டும் என்று ராத்திரி வெறும் வெள்ளரிக்காயும் கிரீன் டீயுமாக மாதக்கணக்கில் இருந்திருக்கிறாள். நான் மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சர்ஜனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவரும் தள்ளிவைத்தார்.

இந்த முன்பரிசோதனையை வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2007இல் பாடகர் கான்யே வெஸ்டின் தாயார் டோண்டா வெஸ்ட், லிப்போசக்‌ஷனும் மார்பக ஆபரேஷனும் செய்துகொண்ட மறுநாள் இறந்துபோனார். இதய ரத்தக் குழாய் நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அழகு ஆபரேஷனுக்கு முன் உடல் பரிசோதனை கட்டாயம் என்று கலிஃபோர்னியா 2009இல் அவர் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது.

“சும்மா ஒரு தூக்க ஊசிதான், மயக்க டாக்டரெல்லாம் வேண்டாம்” என்று ஓர் இடத்தில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தாடைக்கு அடியில் சின்ன அளவில், மரத்துப்போகும் மருந்தில் மட்டும் செய்வது வேறு. ஊசி போட்டுத் தூங்கவைத்தால் மூச்சைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வேண்டும். குழாயை இயக்குகிறவர் அதையும் பார்க்க முடியாது. சர்ஜன் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு ஈடான டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள். பெயர்ப்பலகையில் ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று இருப்பது சர்ஜரி பட்டம் ஆகாது. பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம். லேசர், அல்ட்ராசவுண்ட், வேசர் என்ற பெயர்களுக்கு மயங்க வேண்டாம். எல்லாவற்றிலும் துளையும் குழாயும் உண்டு.

காப்பீடு பொதுவாக இதற்குக் கிடைக்காது. அழகுக்காகச் செய்வதானால் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. சொன்ன தொகையில் வரி, அறை, இறுக்க உடுப்பு, என் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் துளைகள் வழியாக இளஞ்சிவப்பு நீர் கசிந்து படுக்கை நனையும். அதைப் பார்த்து ராத்திரி ஒரு மணிக்குப் போன் செய்கிறவர்கள் நிறைய. அது சகஜம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், ஏறிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் இவை சகஜம் அல்ல. போன் செய்வதோடு நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நான் இந்த ஆபரேஷனுக்கு எதிரி அல்ல. மார்பு பெண்களுக்குப்போல வளர்ந்ததால் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு, கூன் போட்டே நடந்து பழகிய பையன்களுக்கு நிறையவே மயக்கம் கொடுத்திருக்கிறேன். அங்கே கொழுப்பை உறிஞ்சினால் மட்டும் போதாது. காம்புக்கு அடியில் உள்ள சுரப்பித் திசுவையும் அறுத்து எடுக்க வேண்டும். முதலில் ஹார்மோன் கோளாறு, சாப்பிடுகிற மருந்துகள், ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசி எதுவும் காரணமா என்று பார்க்க வேண்டும். பதின்பருவத்தில் வருவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானே வடிந்துவிடும். பதினாறு வயதுப் பையனை அழைத்துவரும் அப்பாவிடம் காலண்டரைக் காட்டி, “அடுத்த வருஷம் வாங்க, பாக்கலாம்” என்று அனுப்புகிற சர்ஜன் ஒருவர் இங்கே இருக்கிறார். அவர் கூப்பிட்டால் எந்த நேரமானாலும் போவேன்.