விமான நிலையத்தில் கடை: குத்தகையா, லைசென்ஸா?

திருப்பதி விமான நிலையம் என்று நாம் சொல்வது இருக்கும் இடம் ரேணிகுண்டா. நேற்றுவரை சித்தூர் ஜில்லா. 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி ஜில்லா. 2015 அக்டோபர் 22இல் அங்கே புதிய முனையம் திறந்தார்கள். அதுமுதல் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள், "மாமா, அங்கே ஒரு கவுண்டர் எடுக்கலாமா? சரக்கு ஏற்றி இறக்கும் வேலை எடுக்கலாமா?" என்று டெண்டர் காகிதத்தோடு என் பாத்திரக் கடைக்கு வருகிறார்கள். நான் வக்கீல் அல்ல. ஆனாலும் வாடகைப் பத்திரம் நாற்பது வருஷமாகப் படித்தவன்.

முதலில் பார்க்க வேண்டியது தலைப்பு. கடைத்தெருவில் நாம் எடுப்பது குத்தகை; 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி இடத்தின்மேல் நமக்கு ஓர் உரிமை வருகிறது. விமான நிலைய ஆணையம் கடைக்காரருக்குத் தருவது பெரும்பாலும் லைசென்ஸ்; உள்ளே இருந்து தொழில் செய்ய அனுமதி, அவ்வளவுதான். கெடு முடிந்தும் இருந்தால் வெளியேற்றத் தனி அதிகாரி, அப்பீலுக்குத் தனித் தீர்ப்பாயம் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஏற்பாடு செய்திருக்கிறது. "பத்து வருஷம் இருந்துட்டேன், யாரு கிளப்புவாங்க" என்ற கடைத்தெருப் பேச்சு அங்கே எடுபடாது.

அடுத்தது பேரம். நாம் விலை படிவத்தைப் போட்ட பிறகு பேசலாம் என்று நினைக்கிறோம். அங்கே பேசும் காலம் அதற்கு முன்னால். இதற்கு 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரமணா தயாராம் ஷெட்டி வழக்கைச் சொல்வேன். பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவு விடுதியும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர். ஐந்து வருஷ அனுபவமுள்ள இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரர்தான் வரலாம் என்று நிபந்தனை. அந்தத் தகுதி இல்லாதவருக்கே கொடுத்துவிட்டார்கள். நிபந்தனை தளரும் என்று தெரிந்திருந்தால் நானும் போட்டிருப்பேனே என்று இன்னொருவர் வழக்குப் போட்டார். தான் விதித்த நிபந்தனைக்கு ஆணையமே கட்டுப்பட்டது என்று நீதிபதி பகவதி எழுதினார். இன்றும் டெண்டர் வழக்குகளில் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் வழக்குப் போட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை! ஐந்து மாதத்துக்கு மேல் தாமதித்து வந்தார். அதற்குள் எடுத்தவர் லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தார். ஆகவே சந்தேகத்தை டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் உதவாது.

என்ன கேட்பது? வாடகை பெரும்பாலும் இரண்டு விதமாகக் கணக்கிட்டு, எது அதிகமோ அதை வாங்குவார்கள்: ஒன்று குறைந்தபட்ச உறுதித் தொகை, மற்றது விற்பனையில் பங்கு. விமானமே வராவிட்டால்? 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானமே பறக்கவில்லை. டெல்லி நிலையத்தை நடத்தும் பெரிய நிறுவனமே, வருமானத்தில் 45.99 சதவீதம் தரும் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, "எதிர்பாராத இடர்" ஷரத்தைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போனது. அந்த ஷரத்து உங்கள் காகிதத்தில் இருக்கிறதா, பயணிகள் குறைந்தால் உறுதித் தொகையும் குறையுமா என்று பாருங்கள். இன்னொன்று, ஊழியருக்கு உள்ளே போகும் பாஸ் கிடைக்கும் முன்பே வாடகை ஓடத் தொடங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கடை திறக்காமலே மாதக்கணக்கில் வாடகை கட்ட யாரால் முடியும்?