பால் சோப்பு: ஏன் பழுப்பாகுது, ஏன் எரியுது?

பால் சோப்பு செஞ்சு பார்க்கிறவங்க பெரும்பாலும் கேட்கிறது ரெண்டு கேள்வி: "ஏன் பழுப்பாயிடுச்சு?", "ஏன் கை எரியுது?"

பழுப்புக்குக் காரணம் சூடு. காஸ்டிக் சோடா கரையும்போது நல்லா சூடேறும். பாலில் உள்ள சர்க்கரை கருகிடும். அதனால 150 கிராம் பாலை ஐஸ் கட்டியா உறைய வச்சு, எவர்சில்வர் பாத்திரத்துல போட்டு, காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமா தூவுவேன். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரிச்சிடும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

எரிச்சலுக்குக் காரணம், எண்ணெயோட சேராம மிஞ்சின காஸ்டிக். 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுசும் சோப்பாக சுமார் 91 கிராம் காஸ்டிக் வேணும். நான் 73 தான் போடுவேன்; மிஞ்சுற எண்ணெய் தோலை வறண்டு போகாம காக்கும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், டிஜிட்டல் தராசு வேணும். தோசை மாவு பதம் வர்ற வரைக்கும் கலக்குங்க.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இன்னொரு சிக்கல், கடல் காத்து. பிரிச்சு வச்ச காஸ்டிக் ஈரத்தை உறிஞ்சிக்கும். தராசு 73 காட்டும். அதுல தண்ணியும் சேர்ந்திருக்கும். சோப்பு கெட்டிப்படாம கொழகொழன்னு நிக்கும். காஸ்டிக்கைக் காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க.

வெட்டின சோப்பை 4 முதல் 6 வாரம் ஃபேன் காத்துல காய விடுங்க. பழுப்பான சோப்புல தாராளமா குளிக்கலாம். ஆனா காய்ஞ்ச பிறகும் எரியுற சோப்பை யாருக்கும் கொடுக்காதீங்க, குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க.